விசாரணைக்கு முன்பே வழக்கு ரத்து!
எப்போது கிடைக்கும்? எப்போது கிடைக்காது?
7 காரணங்களை வகுத்தவர் நெல்லைச் சீமை நீதிபதி

சென்னை மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார் ஒருவர். பெயர் வேண்டாம். உதாரணத்துக்குச் சொல்கிறோம்.

மொத்த வியாபாரியிடம் ரூ.8 லட்சத்துக்கு கம்பி எடுத்தார். ரூ.5 லட்சம் கட்டிவிட்டார். மழைக்காலம் வந்தது. கட்டிட வேலை நின்றது. வியாபாரம் படுத்தது. மீதி ரூ.3 லட்சம் பாக்கி விழுந்தது.

ஒரு நாள் காலை கடை திறக்கும் நேரத்தில் போலீஸ்காரர் வந்து நிற்கிறார்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. உங்க மேலே 420 கேஸ் இருக்கு."

கடைக்காரருக்கு தலை சுற்றுகிறது.

"கடன் பாக்கிதானே சார்! நான் யாரையும் ஏமாத்தலையே! தவணைதானே கேட்டேன்!"

"அதையெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்குங்க."

கோர்ட்டில் சொல்லலாம்தான். ஆனால் எப்போது?

குற்றப்பத்திரிகை வரவேண்டும். நகல் கொடுக்கவேண்டும். குற்றச்சாட்டு பதிவாக வேண்டும். சாட்சிகள் வரவேண்டும். குறுக்கு விசாரணை நடக்கவேண்டும். அதற்குள் எத்தனை வாய்தா! ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை அடைத்துவிட்டு கோர்ட்டு வாசலில் நிற்கவேண்டும். பாஸ்போர்ட்டு எடுக்கப் போனால் "வழக்கு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "அப்பா மேலே கேஸ் இருக்காமே" என்று பேச்சு கிளம்பும்.

கடைசியில் விடுதலை ஆகலாம். போன வருடங்கள் திரும்பி வருமா?

இப்படி சிக்கிக்கொள்கிறவர்களுக்காக சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் அது. அதன் விவரம் வருமாறு:-

ஐகோர்ட்டுக்கு மட்டும்!

இந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு கிடையாது. செசன்சு கோர்ட்டுக்கும் கிடையாது. சென்னைவாசிகள் என்.எஸ்.சி.போஸ் ரோட்டில் பஸ்சில் போகும்போது பார்க்கிற அந்த சிவப்புக் கட்டிடத்தில்தான் மனு போடவேண்டும். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004-ம் ஆண்டு ஜூலை முதல் மதுரை கிளை இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து சட்டத்தில் 1923-ம் ஆண்டு 561-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை சட்டத்தில் அது 482 ஆனது. வக்கீல்கள் "482 போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வது இதைத்தான்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்று அதற்குப் பெயர். அதில் இது 528-வது பிரிவு. எண்தான் மாறியது. சாரம் மாறவில்லை.

கோர்ட்டை யாரும் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. நீதி கெட்டுப்போகக்கூடாது. அதற்குத் தேவையான உத்தரவை ஐகோர்ட்டு போடலாம். இதுதான் அந்தப் பிரிவின் சுருக்கம்.

நெல்லை நீதிபதி

"தேவையான உத்தரவு" என்றால் என்ன? யாருக்குக் கொடுப்பது? யாருக்கு மறுப்பது?

1960-ம் ஆண்டு ஆர்.பி.கபூர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 3 காரணங்களைச் சொன்னது. வழக்குப் போட சட்டமே தடை செய்கிறதா? புகாரை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் வரவில்லையா? சாட்சியமே இல்லையா? இந்த 3-ல் ஒன்று இருந்தால் ரத்து செய்யலாம் என்றது. வேடிக்கை என்னவென்றால், வழி சொன்ன அந்த வழக்கில் கபூருக்கே ரத்து கிடைக்கவில்லை!

பிறகு வந்தது பஜன்லால் வழக்கு. அரியானாவின் முன்னாள் முதல்-மந்திரி பஜன்லால் மீது 1987-ம் ஆண்டு சொத்துக் குவிப்பு புகார் கொடுக்கப்பட்டது. அப்போது அங்கே ஆட்சி மாறி தேவிலால் முதல்-மந்திரியாக இருந்தார். பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு வழக்கை ரத்து செய்தது. அரியானா அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1990-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ்.ரத்தினவேல் பாண்டியன். நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். திருநெல்வேலியில் வக்கீலாக இருந்து, சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாகி, டெல்லிக்குப் போனவர். பின்னாளில் அரசு ஊழியர்களுக்கான 5-வது சம்பளக் கமிஷனுக்கு தலைவராக இருந்தாரே, அவர்தான்!

அவர் வகுத்த 7 காரணங்கள்தான் இன்றுவரை இந்தியா முழுவதும் எல்லா ஐகோர்ட்டுகளிலும் அளவுகோல்.

அந்த 7

1. புகாரில் சொன்னதை எல்லாம் அப்படியே நம்பினாலும் எந்தக் குற்றமும் வரவில்லை என்றால் ரத்து.

2. போலீசார் தாமாகவே விசாரிக்கக்கூடிய குற்றம் எதுவும் புகாரிலும், கூட உள்ள காகிதங்களிலும் தெரியவில்லை என்றால் ரத்து.

3. புகாரையும், போலீசார் சேர்த்த ஆதாரத்தையும் மறுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டாலும் குற்றம் தெரியவில்லை என்றால் ரத்து.

4. மாஜிஸ்திரேட்டு உத்தரவு இருந்தால்தான் விசாரிக்கலாம் என்ற சின்னக் குற்றத்தை, உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரித்தால் ரத்து.

5. புத்தியுள்ள எவரும் நம்ப முடியாத அபத்தமான புகார் என்றால் ரத்து.

6. வழக்குத் தொடர சட்டத்திலேயே தடை இருந்தால் ரத்து.

7. பழி வாங்கவேண்டும், சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு போட்ட வழக்கு என்றால் ரத்து.

கூடவே ஒரு எச்சரிக்கையும் விடுத்தார். இந்த அதிகாரத்தை அபூர்வமாக, மிகுந்த கவனத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றார்.

பஜன்லாலுக்கு என்ன ஆயிற்று? ஐகோர்ட்டு ரத்து செய்தது தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது! ஆனால், விசாரணை நடத்திய இன்ஸ்பெக்டருக்கு முறையான அதிகாரம் கொடுக்கப்படவில்லை என்று கூறி அந்த விசாரணையை மட்டும் ரத்து செய்தது. தகுதியான அதிகாரியை வைத்து புதிதாக விசாரிக்க வழி விட்டது. ரத்து கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் எழுதப்படும் தீர்ப்பு, உண்மையில் ரத்தை ரத்து செய்த தீர்ப்பு!

சிறுமலை சிரிப்பு

5-வது காரணத்துக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

ஒருவர் மகள், மருமகனோடு திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு சுற்றுலா போனார். படம் எடுத்தார். துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம் என்ற பொருளில் தமாசாக ஒரு வரி எழுதி பேஸ்புக்கில் போட்டார். அவர் ஒரு கம்யூனிஸ்டு கட்சிப் பிரமுகர்.

வாடிப்பட்டி போலீசாருக்கு சிரிப்பு வரவில்லை. அரசுக்கு எதிராக போர் தொடுக்க ஆயத்தம் என்று வழக்குப் போட்டு அவரைக் கைது செய்தார்கள்! காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டு மறுத்துவிட்டார்.

2021-ம் ஆண்டு டிசம்பரில் மதுரை கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்தார். ஆயுதம் இல்லை, ஆள் சேர்க்கவில்லை, வெறும் ஒரு வரியை வைத்துக்கொண்டு போருக்கு ஆயத்தம் என்றால் அது அபத்தம் என்றார். காவலில் வைக்க மறுத்த மாஜிஸ்திரேட்டையும் பாராட்டினார்.

நமக்கு இது சிரிப்பு. அந்த மனிதருக்கு அது கைது, அலைச்சல், வக்கீல் செலவு.

கூட்டம் போட்டால்...

6-வது காரணத்துக்கும் மதுரை கிளையிலேயே உதாரணம் உண்டு.

அனுமதி இல்லாமல் கூட்டம் போட்டார்கள், தடையை மீறினார்கள் என்று இ.பி.கோ. 188-வது பிரிவின் கீழ் வழக்கு மேல் வழக்காகப் போடுவது போலீசாரின் வழக்கமாக இருந்தது. 188-க்கு தனி நடைமுறை இருக்கிறது. உத்தரவு போட்ட அதிகாரி கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். போலீசார் நேரடியாக எப்.ஐ.ஆர். போட்டு குற்றப்பத்திரிகை கொடுக்க முடியாது.

2018-ம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதை விளக்கி வழக்குகளை ரத்து செய்தார். போலீசார் எப்படி நடக்கவேண்டும் என்று வழிமுறையும் வகுத்தார். புதிய சட்டத்தில் 188 இப்போது 223 ஆகிவிட்டது.

கெடு தாண்டிய வழக்கும் இதே ரகம்தான். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம். ஓராண்டு வரை ஜெயில் என்றால் 1 வருடம். 3 ஆண்டு வரை என்றால் 3 வருடம். அதற்குள் விவகாரம் கோர்ட்டுக்கு வரவேண்டும். தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மன்னிக்காவிட்டால் வழக்கு நிற்காது.

கடனா? மோசடியா?

இனி மண்ணடி கடைக்காரரிடம் வருவோம்.

பழைய 420-வது பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. "420" என்ற பெயர் மட்டும் ஊர் வாயை விட்டுப் போகாது!

மோசடி என்றால் ஏமாற்றும் எண்ணம் முதலிலேயே இருக்கவேண்டும். சரக்கு எடுக்கும்போதே "இவனுக்குப் பணம் கொடுக்கப்போவதில்லை" என்று நினைத்தால் அது மோசடி. கொடுக்க நினைத்து, பாதி கொடுத்து, பிறகு முடியாமல் போனால் அது கடன் பாக்கி. அதற்கு சிவில் கோர்ட்டு இருக்கிறது.

சிவில் வழக்கு நத்தை மாதிரி நகரும். போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் நின்றால் பணம் தானாக வரும். இதுதான் பலர் போடும் கணக்கு.

2006-ம் ஆண்டு சென்னையில் இருந்து போன வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கணக்கைக் கண்டித்தது. விமானக் கம்பெனிக்கு எரிபொருள் கொடுத்த இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் போட்ட வழக்கு அது. சிவில் தகராறுக்கு கிரிமினல் வேஷம் போடுவது பெருகி வருகிறது, அதைத் தடுக்கவேண்டும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொன்னது. வியாபார ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தால் வழக்கை ரத்து செய்துவிட முடியாது, அதிலேயே குற்றமும் இருக்கலாம் என்றது. சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்ததில் ஒரு பகுதியை மாற்றிவிட்டது.

2025-ம் ஆண்டு ஏப்ரலில், சொத்து தகராறை கிரிமினல் வழக்காக்கியதற்காக உத்தரபிரதேச அரசுக்கு சுப்ரீம் கோர்ட்டு ரூ.50 ஆயிரம் செலவுத்தொகை விதித்தது.

ஆகவே ரத்து மனு கேட்கும் வக்கீல் கடைக்காரரிடம் முதலில் கேட்பது இதுதான்:

"ஐயா, சரக்கு எடுத்தப்போ எவ்வளவு கொடுத்தீங்க? ரசீது இருக்கா? தவணை கேட்டு எழுதின கடுதாசி இருக்கா?"

5 லட்சத்துக்கு ரசீது இருந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. பொய்ப் பெயரில் சரக்கு எடுத்திருந்தாலோ, வாங்கிய மறுநாளே கடையைக் காலி செய்துவிட்டு ஓடியிருந்தாலோ கதையே வேறு.

செக் வழக்கு

"செக் திரும்பி வந்த வழக்கை ரத்து செய்யலாமா?" என்று பல வியாபாரிகள் கேட்பார்கள்.

கையெழுத்து நம்முடையது என்றால் கஷ்டம்தான். கடன் தீர்ந்துவிட்டது, வெற்றுச் செக்கை நிரப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் சாட்சி விசாரணையில் சொல்லவேண்டியது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீசே அனுப்பவில்லை, கம்பெனியில் இருந்து முன்பே விலகிய டைரக்டரையும் சேர்த்துவிட்டார்கள் என்பது போன்ற விஷயங்கள், மறுக்க முடியாத காகிதத்தில் இருந்தால் வாய்ப்பு உண்டு.

குடும்ப வழக்கு

கணவன்-மனைவி தகராறில் மாமியார், நாத்தனார், வெளியூரில் இருக்கும் கொழுந்தன் என்று எல்லோர் பெயரையும் புகாரில் எழுதுவது உண்டு. யார், எப்போது, என்ன செய்தார் என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக இழுக்கக்கூடாது என்று 2024-ம் ஆண்டு டிசம்பரில் தெலுங்கானா வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு கூறி ரத்து செய்தது. நிஜமாகவே கொடுமைக்கு ஆளான பெண்கள் புகார் கொடுக்கக்கூடாது என்பது இதன் அர்த்தம் அல்ல என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

சமரசம்

இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆனால் சட்டப்படி சமரசம் செய்ய முடியாத பிரிவு. என்ன செய்வது?

2012-ம் ஆண்டு செப்டம்பரில் கியான்சிங் வழக்கில் 3 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு வழி சொன்னது. வியாபாரம், பணம், குடும்பம், பாகப்பிரிவினை போன்ற சொந்த விவகாரம் என்றால், சமரசத்தை ஏற்று ஐகோர்ட்டு ரத்து செய்யலாம்.

ஆனால் கொலை, கற்பழிப்பு, கொள்ளை, அதிகாரிகளின் ஊழல் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை சமுதாயத்துக்கே செய்த குற்றம். இரண்டு பேர் கைகுலுக்கி முடித்துக்கொள்ள முடியாது.

ராஜஸ்தானில் பள்ளி மாணவியிடம் தவறாக நடந்ததாக ஒரு ஆசிரியர் மீது வழக்கு. சிறுமியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2024-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நீக்கி வழக்கைத் தொடரச் சொன்னது. குழந்தைக்கு நடந்த கொடுமையை பெரியவர்கள் பேசி முடிக்க முடியாது!

மறுபக்கம்

இந்த அதிகாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் புகார் கொடுத்த மறுநாளே ஐகோர்ட்டுக்கு ஓடி, விசாரணையையே நிறுத்திவிட்டால் பறிகொடுத்தவன் எங்கே போவான்?

அதனால்தான் 2021-ம் ஆண்டு ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஐகோர்ட்டுகளுக்குக் கடிவாளம் போட்டது. எப்.ஐ.ஆரில் எல்லா விவரமும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. போலீசாரின் விசாரணையை முளையிலேயே கிள்ளக்கூடாது. ரத்து மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு, "ஆனாலும் கைது செய்யாதே" என்று உத்தரவு போடக்கூடாது என்றது.

அதற்காக, தொடக்கத்திலேயே ரத்து செய்யவே கூடாது என்று அர்த்தம் இல்லை. 2025-ம் ஆண்டு மார்ச்சில் ஒரு கவிதைக்காக எம்.பி. ஒருவர் மீது குஜராத் போலீசார் போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்தது. விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது என்று குஜராத் ஐகோர்ட்டு மறுத்திருந்தது. குற்றமே தெரியாத வழக்குக்கு ஆரம்பம் என்ன, முடிவு என்ன என்பதுதான் அதன் சாரம்.

கோர்ட்டு பார்க்காதது

பலர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. "நான் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை", "சாட்சி பொய் சொல்கிறான்" என்பதை எல்லாம் ரத்து மனுவில் ஐகோர்ட்டு ஆராயாது. யார் சொல்வது உண்மை என்று தராசில் நிறுப்பது விசாரணைக் கோர்ட்டின் வேலை. யாரும் மறுக்க முடியாத, சந்தேகத்துக்கு இடமில்லாத பத்திரம் இருந்தால் மட்டும் பார்க்கும்.

என்ன செய்யவேண்டும்?

முதலில் எப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் போடவேண்டும் என்று 2016-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு.

போலீசார் சம்மன் கொடுத்தால் ஓடி ஒளியாதீர்கள். ஆஜராகுங்கள். ரத்து மனு போட்டிருக்கிறேன் என்பது மட்டும் கைதுக்குத் தடை அல்ல. முன்ஜாமீன் வேறு, ரத்து வேறு. தேவைப்பட்டால் இரண்டையும் கேட்கவேண்டும்.

ரசீது, வங்கிக் கணக்கு, கடிதம், போன் செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகும் ரத்து மனு போடலாம். புகார்தாரரையும் எதிர் மனுதாரராகச் சேர்க்கவேண்டும். அவருக்கும் பேச உரிமை உண்டு.

ஐகோர்ட்டு மறுத்துவிட்டால் உலகம் முடிந்துவிடாது. கீழ் கோர்ட்டிலேயே "என்னை விடுவியுங்கள்" என்று மனு போடலாம். புதிய சட்டத்தில் இதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் நகல் கொடுத்த நாளில் இருந்து கணக்கு. செசன்சு வழக்கில், வழக்கு அந்தக் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட நாளில் இருந்து கணக்கு. வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தால் இந்தக் கெடு கைநழுவிப் போய்விடும். ஜாக்கிரதை!

பாக்கி பாக்கிதான்

மண்ணடி கடைக்காரருக்கு ரத்து கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ரூ.3 லட்சம் தள்ளுபடி ஆகிவிட்டதா?

இல்லை! ரத்தானது கிரிமினல் வழக்குதான். கடன் அப்படியே நிற்கிறது. மொத்த வியாபாரி சிவில் கோர்ட்டுக்குப் போனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். வாங்கின சரக்குக்கு காசு கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இனிமேல் போலீஸ்காரர் வந்து கேட்கமாட்டார். வாய்தாவுக்காக கடையை அடைக்கவேண்டாம். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

"கடன்காரன்தான் சார். மோசடிக்காரன் இல்லே" என்று அவர் சொன்னால், அது இப்போது கோர்ட்டு முத்திரை குத்திய உண்மை.